மேசைக்கு அடியில் இருந்த செடி

786

சிங்கப்பூர்
19-5-1963

என் ஆசை மனைவி ஹைருன் பீவிக்கு உன் மச்சான் சேக் மைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நான் நல்ல சுகம். உன் சுகத்துக்கும் உன் கிணற்றடித் தோட்டத்தின் சுகத்துக்கும் பதில் போடவும்.

ஒரு புதினமான சேதி. எங்கள் வட்டாரத்துச் சமூக மன்றத்தில் டெலிவிஷன் பெட்டி வந்திருக்கிறது. சினிமா போலத்தான், ஆனால் பெட்டி ரேடியோவைவிடக் கொஞ்சம் பெரிது. கடை அடைத்ததும் ஜனம் முழுக்க அங்கேதான் நிற்கிறது. புதன்கிழமை மாலையில் ஒரு மலாய்க்காரர் வந்து தோட்டம் போடுவது எப்படி என்று காட்டுகிறார். பார்க்கும்போதெல்லாம் உன் நினைவுதான்.

அவர் மண்ணைத் தொடுவதற்கு முன்னால் கையுறை மாட்டிக்கொள்கிறார். நூல் கட்டி, ஒரு சாணுக்கு ஒரு விதை ஊன்றி, சின்னக் குச்சியில் பெயர் எழுதி நட்டுவைக்கிறார். பூவாளியால் தண்ணீர் ஊற்றுகிறார். அப்புறம் சிரித்துக்கொண்டே குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு தொட்டியை எடுத்து மேலே வைக்கிறார். அதில் கத்தரி காய்த்துத் தொங்குகிறது. மூன்று மாத வேலை மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மன்றத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு குறை, பெட்டியில் நிறம் கிடையாது. தக்காளி பழமா காயா என்று தெரியாது, எல்லாம் சாம்பல்தான்.

நீ விதையை அள்ளி வீசுகிறவள். இனிமேல் நூல் கட்டி ஊன்றிப் பார். நானும் செய்து பார்க்கலாம் என்றால் எனக்கு மண் ஏது? கடைக்கு மேல் அறையில் ஆறு பேர் படுக்கிறோம். ஜன்னலில் ஒரு தொட்டி வைக்கக்கூட இடமில்லை.

இந்தச் சாரலுக்கு வர முடியாது போலிருக்கிறது. முதலாளி விடமாட்டேன் என்கிறார். இன்ஷா அல்லாஹ், அடுத்த சாரலுக்குக் கண்டிப்பாக வருவேன். குற்றாலத்து ஐந்தருவிக்குப் போவோம்.

உன் அன்பு மச்சான்
சேக் மைதீன்


786

தென்காசி
20-6-1963

என் உயிருக்கு இணையான மச்சான் அவர்களுக்கு ஹைருன் பீவி எழுதிக்கொண்ட சலாம். உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

நீங்கள் சொன்னபடி நூல் கட்டினேன். சாணுக்கு ஒரு கத்தரி விதை, பெயர் எழுதிய குச்சி, எல்லாம் அந்த மலாய்க்காரர் சொன்னபடி. மறுநாள் காலையில் பார்க்கிறேன், பக்கத்து வீட்டு பாத்திமுத்து லாத்தாவின் கோழிகள் அந்த நூலோடேயே நடந்து வந்து ஒரு விதை விடாமல் கிளறித் தின்றுவிட்டன. வீசி விதைத்தால் அதுகளுக்கும் தேடுகிற பாடு இருக்கும். லாத்தா வந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, கோழிக்கு நீயே ரோடு போட்டுக் குடுத்திருக்கியே, அதுங்க வராம என்ன செய்யும்?" என்று சிரிக்கிறாள். குச்சிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன, மையவாடியில் கபருக்குக் கல் நட்ட மாதிரி.

உங்கள் பெட்டிக்குள் கோழி கிடையாதா மச்சான்? ஆடு, அசுவினிப் பூச்சி, காய்ப்புழு எதுவும் வராதா? இங்கே காலையில் எழுந்ததும் அவரைக் கொடியில் அடுப்புச் சாம்பல் தூவ வேண்டும். வெண்டை பறித்தால் முழங்கை வரைக்கும் அரிப்பு. கத்தரிக் காம்பு முள் விரலில் ஏறினால் இரண்டு நாள் குத்தும். கிணற்றில் இருபது வாளி இறைத்தால்தான் எல்லாப் பாத்திக்கும் போதும். இதையெல்லாம் அவர் காட்டுகிறாரா? எனக்கு ஒரு சந்தேகம். மேசைக்கு அடியில் இருந்த செடிக்கு மூன்று மாதமாகத் தண்ணீர் ஊற்றியது யார்? அந்த ஆளை ஏன் காட்டவில்லை?

மாமி மவுத்தாகி நம்மை விட்டுப் போய் வருகிற மாதம் ஒரு வருஷம். பாத்திஹா ஓத ஏற்பாடு செய்திருக்கிறேன். வீட்டில் நான் ஒருத்திதான். ஒருத்திக்கு எத்தனை கத்தரிக்காய் வேண்டும்? தெருவுக்கே கொடுக்கிறேன். கொடுக்கப் போகிற வீட்டில் நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாமே, அதற்குத்தான் இவ்வளவு பாத்தி போடுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. மாடியில் ஏறி நின்றால் குற்றாலத்து மலையில் அருவி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. நீங்கள் வந்துபோய் இரண்டு வருஷம். அடுத்த சாரல் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நம்பித்தான் இருக்கிறேன்.

தங்கள் அன்பு மனைவி
ஹைருன் பீவி


786

சிங்கப்பூர்
4-4-1965

அன்புள்ள ஹைருனுக்கு, சலாம். உன் மூன்று கடிதமும் கிடைத்தன. வேலை ஒழியவில்லை, பதில் எழுதத் தாமதம். இரண்டு சாரல் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். எனக்கும் தெரியும். இந்த வருஷமும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பொறுத்துக்கொள்.

எங்கள் கடையில் நிற்கிற நம் கடையநல்லூர் மூசா ஊருக்கு வருகிறான். அவனிடம் உனக்குக் கொஞ்சம் விதை கொடுத்துவிடுகிறேன். இங்கே ஒரு அவரை உண்டு, காயின் நாலு ஓரத்திலும் சிறகு வைத்த மாதிரி இருக்கும். டெலிவிஷனில் காட்டினார்கள். விதை கெட்டி, முந்தின நாளே ஊறப்போட வேண்டும். மூங்கில் பந்தலைவிடக் கயிறு கட்டி ஏற்றுவது தோது, மூங்கிலில் சிவப்பு எறும்பு கூடு கட்டிவிடும். பூ வெளிர் நீலம். விடிந்ததும் போய்ப் பார்த்தால்தான் அழகு, வெயில் ஏறினால் சுருங்கிவிடும். காயை விரல் நீளத்தில் பறித்துவிடு. ஒரு நாள் மறந்தால் நாராகிவிடும், பிள்ளைகள் துப்பிவிடும்.

உனக்குப் பிடிக்கும் என்று தோன்றியது. மற்றபடி நான் அதே அறை, அதே கடைதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

சேக் மைதீன்


786

தென்காசி
28-5-1965

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு ஹைருன் பீவி எழுதுவது. சலாம். மூசா வந்து விதையைக் கொடுத்தார். தேயிலைத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். "அங்க அவுஹ எப்படி இருக்காஹ, ஒழுங்கா சாப்பிடுதாஹளா?" என்று கேட்டேன். "நல்லா இருக்காரு மதினி, நல்லா இருக்காரு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பாதி டம்ளரிலேயே "கடையநல்லூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டார்.

மச்சான், எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்புதான். ஆனால் தோட்டம் தெரியும்.

முதல் கடிதத்தில் நீங்களே எழுதினீர்கள், அந்தப் பெட்டியில் எல்லாம் சாம்பல் நிறம் என்று. அதை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். வெளிர் நீலப் பூவை எங்கே பார்த்தீர்கள்? நிகழ்ச்சி மாலையில் என்றீர்கள். விடிந்ததும் பூவைப் போய்ப் பார்ப்பது எந்தத் தோட்டத்தில்? மூங்கிலில் எறும்பு கூடு கட்டும் என்று கையுறை போட்டவர் சொல்லமாட்டார். எறும்புக் கடி வாங்கினவர்கள்தான் சொல்வார்கள். துப்பிவிடும் என்றீர்களே, அது யார் வீட்டுப் பிள்ளை?

விதை, கடையில் விற்கிற பொட்டலத்தில் வரவில்லை. கொடியிலேயே முற்றவிட்டு, உரித்து, சாம்பலில் புரட்டி, காய்ந்த பிறகு துணியில் கட்டிய விதை. இன்னும் சாம்பல் வாசம் இருக்கிறது. துணி ஒரு பூப்போட்ட கைலியின் ஓரம், பெண்பிள்ளை உடுத்துகிற கைலி. நானும் இப்படித்தான் விதை கட்டிவைப்பேன், இதே மாதிரி ஒற்றைச் சுருக்கு முடிச்சுப் போட்டு. ஆறு ஆண்கள் படுக்கிற மாடி அறையில் அடுப்புச் சாம்பல் ஏது மச்சான்?

யாரிடமும் நான் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் கேட்கிறேன். இந்த விதையை எடுத்துவைத்தது யார்?

ஹைருன் பீவி


786

தென்காசி
15-8-1965

மச்சான் அவர்களுக்கு, பதில் இல்லை. கடிதம் கிடைக்கவில்லையோ என்று நினைக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

சாரல் முடியப்போகிறது. ஏழு விதை ஊன்றினேன், ஐந்து முளைத்தது. கயிறு கட்டி ஏற்றியிருக்கிறேன்.

ஹைருன்


786

சிங்கப்பூர்
10-10-1965

ஹைருனுக்கு, சேக் மைதீன் எழுதுவது. இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

நீ நினைத்தது சரிதான். போன தடவை ஊரிலிருந்து திரும்பி வந்த மறுவருஷம், அம்மா மவுத்தான செய்தி வருவதற்கு முன்னால், இங்கே ஒரு நிக்காஹ் செய்துகொண்டேன். அவள் பெயர் ஆசியா. அவள் அத்தா நம் பக்கத்து ஆள், தாய் மலாய்க்காரி. ஊருக்கு வெளியே கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் பலகை வீடு, பின்னால் கொஞ்சம் மண். தோட்டம் அவள் போடுவது. ஒரு மகன் இருக்கிறான். முகம்மது இஸ்மாயில் என்று என் அத்தா பெயரை வைத்தேன். டெலிவிஷனைப் பற்றி உனக்கு முதலில் எழுதினேனே, அந்த மாதம்தான் பிறந்தான்.

மன்றத்தில் பெட்டி பார்த்தது பொய்யில்லை. மாடி அறை என்று எழுதியதுதான் பொய். ஒரு பொய் எழுதினேன், அப்புறம் ஒவ்வொரு கடிதத்திலும் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதாகிவிட்டது.

ஆசியாவுக்கு உன்னைப் பற்றித் தெரியும். ஊரில் ஹைருனுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லித்தான் விதை கேட்டேன். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி அவளே கட்டிக் கொடுத்தாள். மூசாவுக்கும் தெரியும், அவனைக் கோபித்துக்கொள்ளாதே.

உன்னைத் தள்ளிவிட எனக்கு மனசில்லை. வருகிற சாரலுக்கு நிச்சயம் வருகிறேன். நேரில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். என்னை மன்னித்துவிடு.

சேக் மைதீன்


786

தென்காசி
5-12-1965

மச்சான் அவர்களுக்கு ஹைருன் பீவியின் சலாம்.

கொடி பூத்துவிட்டது. வெளிர் நீலம்தான். விடிந்ததும் போய்ப் பார்த்தேன், வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன், நீங்கள் சொன்னபடியே சுருங்கிவிட்டது. அதில் நீங்கள் பொய் சொல்லவில்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகு மூன்று நாள் நான் கிணற்றடிக்குப் போகவில்லை. அழுதேன். கத்தரி எல்லாம் தலை தொங்கிவிட்டது. நாலாவது நாள் பாத்திமுத்து லாத்தா வந்து, "ஏட்டி, என்ன கோவம்னாலும் செடி என்ன செஞ்சுது? வா, நான் இறைக்கேன், நீ ஊத்து" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனாள். அவள் இறைக்க இறைக்க நான் ஊற்றினேன்.

இன்னொரு நிக்காஹ் செய்தீர்கள் என்பதற்காக உங்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. நம் தெருவிலேயே அப்படி இரண்டு வீடு இருக்கிறது, அந்தப் பெண்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியும். ஆசியாவுக்கும் என்னைத் தெரியும். மூசாவுக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான். பிள்ளை பிறந்த மாதம் எனக்குக் கத்தரி நடச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். மாமா பெயரை எனக்குப் பிறக்கிற பிள்ளைக்கு வைக்கலாம் என்று மாமி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுவும் போயிற்று. ஆனால் பிள்ளை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நன்றாக இருக்கட்டும்.

மேசைக்கு அடியில் இருந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். இவ்வளவு காலம் கழித்துப் பதில் கிடைத்துவிட்டது.

சாரலுக்கு வராதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் வாசலில் வந்து நின்றால் வாங்க மச்சான் என்று சொல்லிவிடுவேன், சோறு வடித்துவிடுவேன், ஐந்தருவிக்கும் கூட வந்துவிடுவேன். மூன்று மாதம் கழித்து நீங்கள் கப்பலேறுவீர்கள். அப்புறம் மறுபடியும் மாடியில் நின்று மலையைப் பார்த்து அடுத்த சாரலை எண்ண என்னால் முடியாது. அதற்குத் தனியாக இருப்பதே மேல். தனியாக இருந்து எனக்குப் பழகிவிட்டது.

இந்த வீட்டை விட்டு நான் போகமாட்டேன். மாமியை இங்கே நான்தான் பார்த்தேன், தோட்டத்தையும் நான்தான் பார்க்கிறேன். தலாக்கோ வேறு முறையோ, நீங்கள் ஜமாஅத்துக்கு எழுதிவிடுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

மூசா அடுத்த வாரம் கப்பலுக்குப் போகிறார். அவரிடம் ஒரு சின்ன முடிச்சு கொடுத்திருக்கிறேன். அது உங்களுக்கு இல்லை. ஆசியாவின் கைலித் துண்டுதான், துவைத்துக் காயவைத்து அதில் நம் கிணற்றடி நாட்டு அவரை விதை கட்டியிருக்கிறேன். அவளிடம் கொடுத்து நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அதிகம் ஊறப்போட்டால் அழுகிவிடும், இரண்டு நாழிகை போதும். அசுவினி வந்தால் காலைப் பனியோடு சாம்பல் தூவ வேண்டும். பிஞ்சாகப் பறித்துத் தேங்காய் போட்டு வதக்கினால் பிள்ளை துப்பாமல் தின்னும்.

அவள் வீட்டில் கோழி இருந்தால், நூல் கட்டி ஊன்ற வேண்டாம்.

ஹைருன் பீவி