பித்தளைக் குழாய்

அருப்புக்கோட்டை
12.3.1966

அன்புத் தங்கை சௌடம்மாளுக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே நூலைத் தவிர எல்லாரும் சுகம். நம் பட்டறையில் வெளுக்கிற நூல் இரண்டு மாதமாகத் தறியில் இற்று அறுகிறது. நெசவாளர்கள் திருப்பி எறிகிறார்கள். மொக்கையன்தான் பிளீச்சிங் பவுடரை அளவில்லாமல் கொட்டியிருக்கிறான். கேட்டால், "மொதலாளி, தொட்டிக்குப் புதுப் பித்தளைக் குழாய் மாட்டுன நாள்ல இருந்துதான் நூலு இத்துப்போகுது" என்கிறான். தறிக்குப் பாவு நூல் நீட்டும் தெருவில் வைத்தே திட்டி, வேலையை விட்டு அனுப்பிவிட்டேன். பதினெட்டு வருஷமாக நம்மிடம் வேலை பார்த்த ஆள்.

நீ பம்பாயில் ரசாயனம் படித்தது போதும். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் பேசியாயிற்று.

ஜோதிலிங்கம்

பம்பாய்
20.3.1966

அன்புள்ள அண்ணாவுக்கு,

என்னைக் கேட்காமல் பேசியது எனக்குக் கோபம். ஆனாலும் ஒரு பந்தயம். பழைய நூலில் ஒரு சிட்டம், இற்ற நூலில் ஒரு சிட்டம் அனுப்புங்கள். காரணத்தை நான் கண்டுபிடித்தால், டாக்டர் பட்டம் வாங்கும்வரை கல்யாணப் பேச்சு கூடாது. முடியாவிட்டால் ஆவணிக்குப் பெட்டியோடு வந்து இறங்குகிறேன்.

சௌடம்மாள்

பம்பாய்
2.7.1966

அண்ணா,

எங்கள் கருவியில் பெரிய காந்தத்தின் நடுவே நூலை வைத்தால், அதில் ஒளிந்திருக்கும் செம்பு தாளில் கோடாக எழும். காந்த ஒத்ததிர்வு என்போம். பழைய நூலில் கோடு இல்லை. இற்ற நூலில் நன்றாக இருக்கிறது. பித்தளையில் செம்பு உண்டு. வெளுப்பு மருந்து குழாயை அரித்து, அந்தச் செம்பு நூலில் ஏறியிருக்கிறது.

செம்பு கல்யாணத் தரகர் மாதிரி. மருந்தையும் நூலையும் மோதவிட்டு, தான் குறையாமல் அடுத்த நூலுக்குப் போய்விடும். இதற்குத்தான் வினையூக்கி என்று பெயர். இதைத்தான் நான் ஆராய்கிறேன்.

மூன்று மாதம் உழைத்து நான் சொல்வதை மொக்கையன் அன்றைக்கே சொன்னார். நீங்கள் கேட்கவில்லை. அவரைக் கூப்பிடுங்கள்.

சௌடம்மாள்

அருப்புக்கோட்டை
9.11.1966

தங்கைக்கு,

பதில் எழுத நாலு மாதம் ஆனது வெட்கத்தால். உன் கடிதம் வந்த மறுநாளே குழாயைக் கழற்றினேன். நூல் தேறிவிட்டது. நான்தான் தேறவில்லை.

போன வாரம் நரிக்குடிக்குப் போனேன். மொக்கையன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். "எந்தத் தெருவுல வச்சுத் திட்டுனீகளோ, அந்தத் தெருவுல வச்சுச் சொல்லுங்க, வாரேன்" என்றான்.

வியாழக்கிழமை காலை, பாவு நீட்டிக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இன்னொருக்கச் சொல்லுங்க மொதலாளி" என்றான். சொன்னேன். வேலைக்கு வந்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டுக்கு ஆவணிக்கு முன்பே சொல்லிவிட்டேன். நீ படி. குழாயைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இந்த வீட்டில் அது என் கண்ணில் பட வேண்டாம்.

ஜோதிலிங்கம்

பம்பாய்
4.8.1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று என்னைப் பேராசிரியர் ஆக்கினார்கள். இந்தப் பத்து வருஷமும் செம்பை விடாமல் துரத்தியதுதான் என் வேலை. குழாய் என் மேசைமேல் இருக்கிறது.

என் புத்தகமும் அச்சில் இருக்கிறது. நன்றி சொல்லும் பக்கத்தில் முதல் பெயர் மொக்கையன். அவர் எந்தப் பல்கலைக்கழகம் என்று அச்சகத்தார் கேட்டார்கள். அருப்புக்கோட்டை வெளுப்புப் பட்டறை என்று எழுதிக் கொடுத்தேன். அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். இன்னொருக்க என்பார். வாசியுங்கள்.

உங்கள் பெயர் இரண்டாவது. முதலில் நம்பாவிட்டாலும், இரண்டு தடவை சொன்னீர்களே, அதற்காக.

சௌடம்மாள்