பானெட்டுக்குள் கிடந்த பெருச்சாளி

வடக்கனந்தல்,
12-10-90.

அன்பு மகன் தனசேகரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, மாடு கன்று சுகம், ஏரியில் பாதித் தண்ணீர் நிற்கிறது. நீயும் டில்லியில் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் கடிதம் ஆயுத பூசைக்கு முன்பே வந்துவிட்டது. உடனே பதில் போட்டிருந்தால் திட்டித்தான் எழுதியிருப்பேன், அதனால் கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டேன். ஆறவில்லை, இந்த வீட்டில் நடந்த கூத்தில் இன்னும் சூடுதான் ஏறியது.

உன் கல்லூரிப் பையன்கள் நாலு ரோடு கூடுகிற இடத்தில் நின்றுகொண்டு, போகிறவன் வருகிறவன் பூட்சுக்குப் பாலிஷ் போடுகிறார்கள், கார்க் கண்ணாடியைத் துடைக்கிறார்கள், மண்டல் இட ஒதுக்கீடு வந்தால் எங்கள் கதி இதுதான் என்று அட்டை பிடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உன் கையிலும் ஒரு துணியைத் திணித்தார்களாம், வாங்காவிட்டால் நீ எந்த ஜாதி என்று கேட்பார்களாம், அதனால் நீயும் இரண்டு காரைத் துடைத்தாயாம். நம் ஜாதிச் சங்கத்துப் பேர் போட்ட கவரில் அப்பா கடிதம் அனுப்ப வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். கடைசியில், அசிங்கமாக இருந்தது அம்மா என்று ஒரு வரி. எது அசிங்கம் என்று எழுதவில்லை. கார் துடைத்ததா, கார் துடைப்பதைக் கேவலம் என்று ஊருக்குக் காட்டத் துடைத்ததா? இதற்கு நீ எனக்குப் பதில் எழுதியாக வேண்டும். உன்னை மட்டும் நிறுத்தி வைத்துக் கேட்கவில்லை, நம் வீட்டிலும் அதே நாற்றம்தான். அதைச் சொல்கிறேன் கேள்.

நம் அம்பாசிடர் ஆவணி முழுக்க வெள்ளிமலை வாடகைக்கே ஓடியது. கல்வராயன் மலை ஏறி இறங்கினால் வண்டி எப்படித் திரும்பும் என்று உனக்குத் தெரியும். வெளியே செம்மண்ணைக் கழுவிவிடுவார்கள், உள்ளே எவனும் பார்ப்பதில்லை. பூசைக்கு மூன்று நாள் இருக்கும்போது டிரைவர் அய்யப்பன் வண்டியைக் கிளப்பினான், உள்ளே சதக்கென்று ஒரு சத்தம். ஏதோ கல் என்று அப்படியே நிறுத்திவிட்டுப் போய்விட்டான். மறுநாளே வாசலில் நிற்க முடியவில்லை, சோறு வாயில் வைத்தால் அந்த நாற்றம்தான் தொண்டையில் இறங்கியது. பூசைக்கு வண்டி கழுவ வேண்டுமே என்று பானெட்டைத் தூக்கினான், தூக்கிய கையோடு வாயைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினான். போய்ப் பார்த்தேன். போன வருஷம் பூசையில் எஞ்சினுக்குப் படைத்த பொரியும் தேங்காய்ச் சில்லும் மூலை முடுக்கெல்லாம் அப்படியே கிடக்கின்றன. சாமிக்கு வைத்ததை எடுக்கக் கூடாது என்று உன் அப்பாவின் சட்டம். அதைத் தின்ன வந்த பெருச்சாளி பேட்டரிக்குப் பின்னால் சாக்கு நாரும் பஞ்சும் கொண்டுவந்து வீடு கட்டியிருக்கிறது. ஃபேன் அடித்து ரேடியேட்டரோடு சேர்த்து அப்பியிருந்தது. வயிறு உப்பி வெடித்து, புழு நெளிந்து, வால் மட்டும் பெல்ட்டில் தொங்கியது.

அய்யப்பனிடம் எடுத்துப் போடு என்றேன். அக்கா, நான் ஸ்டீரிங் புடிக்கிற ஆளு, செத்தத எடுக்கிற ஆளா என்றான். அதற்குள் உன் அப்பா வந்து, இதுக்கு இன்னாடா யோசிச்சிகினு நிக்கிற, காலனிக்குப் போய் அம்மாசிய இட்டுகினு வா என்றார். அம்மாசி வந்தார். உன் அப்பாவைவிட அவருக்கு வயது கூட, ஆனாலும் இவர் வாயில் டா தான். அம்மாசி வாசலோடு நின்றுவிட்டார். காலனியில் இந்த வருஷம் அம்பேத்கர் நூற்றாண்டு என்று பலகை வைத்து, இனிமேல் ஊருக்காகச் செத்ததைத் தூக்குவதில்லை, சாவுக்கு மேளம் அடிப்பதில்லை என்று எல்லாரும் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள். அதைத்தான் பணிவாகச் சொன்னார், இல்லீங்க ஐயா, பசங்க வேணாம்னு சொல்லிட்டாங்க, நானும் ஒத்துக்கினேன் என்று. ஒரு எலி செத்ததுக்குக் கூட்டம் போட்டு முடிவாடா என்று இவர் கத்தினார். எலிதானுங்களே ஐயா, யாரு எடுத்தா இன்னா என்று அம்மாசி கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதைப் பார்த்து இவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அம்மாசி வந்து இதை எடுத்துப் போடுகிற வரைக்கும் காலனி ஆள் ஒருத்தரும் நம் கழனியில் கால் வைக்கக் கூடாது, மற்றவர்களிடமும் சொல்லி ஊரிலேயே நடவு கிடையாது என்று ஆக்குகிறேன் பார் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புரட்டாசி நடவு போனால் அந்தக் குடும்பங்களில் தை அறுப்பு வரைக்கும் அடுப்பு எப்படி எரியும்? அம்மாசியின் மனைவி சின்னப்பொண்ணு அழைத்து வருகிற பெண்கள்தானே வருஷா வருஷம் நமக்கு நடுகிறார்கள். ஒரு பெருச்சாளிக்காக அத்தனை வயிற்றில் அடிப்பதா? உன் அப்பா சங்கத் தலைவர், அவர் சொன்னால் ஊரும் கேட்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு ஜெயிலுக்குப் போய் வந்த மனிதர், நம் பிள்ளைகள் மாடு மேய்த்தே சாக வேண்டுமா என்று மேடையில் அவர் கேட்டபோது நான் கூட்டத்தில் நின்று அழுதவள். அவர் கேட்டது நியாயம், இன்றைக்கும் நியாயம். அந்த வாய்தான் அம்மாசியைக் கூப்பிடு என்கிறது.

அந்தச் சனியன் அங்கே கிடந்தால்தானே சண்டை, அதை நானே எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். இடுக்கியால் பிடித்து இழுத்தேன், தோல் மட்டும் கையோடு வந்தது. யூரியா மூட்டைக்குள் இருக்கிற பிளாஸ்டிக் பையைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, உள்ளே விட்டுப் பிய்த்து எடுத்தேன். பை வழியாகவே அதன் கொழகொழப்பு தெரிந்தது. இரண்டு தரம் வாந்தி எடுத்தேன், மறைக்கவில்லை. தென்னை மரத்தடியில் ஆழமாகப் புதைத்தேன். கை போட்டது போட்டாச்சு, மீதியை மட்டும் ஏன் விடுவது என்று எஞ்சினையும் கழுவ உட்கார்ந்தேன். அய்யப்பன் மரத்தடியிலிருந்தே வழி சொன்னான், அக்கா மொதல்ல டிஸ்ட்ரிபியூட்டர பாலிதீன் பேப்பரால சுத்திக் கட்டு, தண்ணி பூந்தா வண்டி பூடும் என்று. கட்டினேன். மண்ணும் ஆயிலும் சேர்ந்து அடை மாதிரி அப்பியிருந்ததைத் தோசைத் திருப்பியால் சுரண்டினேன், மண்ணெண்ணெயில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தேன், பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையை வெந்நீர் ஊற்றிக் கரைத்தேன். போன வருஷத்துக் கற்பூரக் கரி, காய்ந்த எலுமிச்சம்பழம், குங்குமம், தும்பி இறக்கை, புளியங்கொட்டை, என்னென்னவோ வந்தது. வழிந்து போன தண்ணீரைப் பார்த்தால் சாக்கடை தேவலை. பொழுது சாயும்போது எஞ்சினின் இரும்பு நிறமே கண்ணுக்குத் தெரிந்தது. என் நகக்கண்ணில் இருக்கிற கறுப்பு இன்னும் போகவில்லை.

உன் அப்பா வந்தார், பார்த்தார், முதலில் வாயெல்லாம் பல். புது வண்டியாட்டம் கீதே, எந்த மெக்கானிக்குடா வந்தான் என்றார். அக்காதாண்ணே என்றான் அய்யப்பன். எலிய எவன் எடுத்தான் என்றார். அதுவும் அக்காதான் என்றான். இரண்டடி பின்னால் போனார் பார், என்னைப் பார்த்து. இருபத்தைந்து வருஷம் சோறு போட்ட கை. பின்பக்கமாப் போய்த் தலைக்கு ஊத்திகினு வா என்றார். குளித்தாகிவிட்டது என்றேன். அன்றைக்கு ராத்திரி நான் போட்ட சோற்றைத் தொடவில்லை. சரி, எலிதான் போய்விட்டதே, நடவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று கேட்டேன். அவன் எடுக்கலியே, நீதான எடுத்த, நான் சொன்ன சொல்லு சொல்லுதான் என்றார். இதற்கு மேல் ஒரு மனுஷரிடம் என்ன பேசுவது?

பூசையன்று அதைவிடக் கூத்து. வண்டிக்குத் தீட்டாம். கோமியமும் மஞ்சள் தண்ணீரும் கலந்து ஒரு குடம் கொண்டுவந்தார். பாலிதீன் பேப்பரை நான் முந்தின நாளே அவிழ்த்துவிட்டேன். அண்ணே, கொஞ்சமா தெளிங்க, உள்ள பூந்துடும் என்று அய்யப்பன் கெஞ்சினான். தீட்டு போவணுமா வேணாமா என்று குடத்தைக் கவிழ்த்துவிட்டார். பிறகு கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கர்ர் என்றது, மறுபடியும் கர்ர் என்றது, பேட்டரி இறங்குகிற வரைக்கும் திருப்பினார். உளுந்தூர்பேட்டைக் கூட்டத்துக்குப் போக வெள்ளை வேட்டியோடு வந்து நின்ற சங்கத்துக்காரர்கள் எல்லாரும் பின்னால் நின்று தள்ளினார்கள். கோயில் வரைக்கும் தள்ளியும் உயிர் வரவில்லை. வேட்டியெல்லாம் பூசணியும் மஞ்சளும் கோமியமும். அதிலே ஒருத்தர், தலைவரே, தீட்டு பூட்ச்சி, வண்டியும் பூட்ச்சி என்றார். கூட்டத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்கள். கள்ளக்குறிச்சி மெக்கானிக் வந்து காய வைத்துப் பார்த்துவிட்டு, பெருச்சாளி கடித்த ஒயரையும் மாற்ற வேண்டும் என்று கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வண்டி வாசலில் நிற்கிறது, கோழி ஏறி உட்காருகிறது.

நடவு விஷயம் கேள். உன் அப்பா போய்ச் சொன்னபோது ஊரில் அத்தனை பேரும், ஆமாம் தலைவரே, அப்படியே செஞ்சிடலாம் என்று தலையாட்டியிருக்கிறார்கள். ஆட்டிவிட்டு அவனவன் விடியும் முன்னே காலனிக்கு ஆள் அனுப்பித் தன் தன் கழனிக்குச் சின்னப்பொண்ணை அழைத்துக்கொண்டான். நியாயம் பார்த்து அழைக்கவில்லை, நாற்று முற்றுகிறதே என்று அழைத்தார்கள். எப்படியோ அந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது. ஊரில் நடாமல் கிடந்தது தலைவர் கழனி ஒன்றுதான். நான் போய்க் கூப்பிட்டேன். அதற்குச் சின்னப்பொண்ணு, உம்மேல எங்களுக்குக் கோவம் இல்லம்மா, ஆனா நிறுத்துனது ஐயா, கூப்புடறதும் ஐயாதான் கூப்புடணும், செத்ததுக்கெல்லாம் ஆள் அனுப்ப மாட்டேன்னும் சொல்லணும் என்றாள். சரியாகத்தான் சொன்னாள். நாற்று பழுப்பேறி மடங்கத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் உன் அப்பா துண்டைப் போட்டுக்கொண்டு, கார் இல்லாததால் நடந்தே போனார். என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை. சின்னப்பொண்ணுதான் வரப்பில் நின்று சொல்லிச் சிரித்தாள், வேலைக்கு வாங்கன்னாரு, அந்த இன்னொன்னுக்கு சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல, வாயிக்குள்ளயே முனகினாரு, நாங்க சரின்னு எடுத்துக்கினோம்மா என்று. நேற்றோடு நடவு முடிந்தது. நானும் சேற்றில் இறங்கி நட்டேன், இடுப்பு விட்டுப்போய்விட்டது.

டில்லியில் ஒரு பையன் தன் மேலேயே தீ வைத்துக்கொண்டான் என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவன் யார் பக்கமோ, அவனையும் ஒருத்தி வயிற்றில் சுமந்துதான் பெற்றிருப்பாள். கூட்டம் கூடுகிற பக்கம் போகாதே. ஆனால் இன்னொரு தரம் கையில் துணியைக் கொடுத்தால் வாங்காதே. நீ யார் என்று கேட்டால் சொல், மாடு மேய்த்தவன் பேரன், மதிப்பெண் வாங்கித்தான் வந்தேன் என்று சொல். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், நாளைக்கு நீ வேலைக்குப் போய் ஒரு அம்மாசியை வாசலில் நிறுத்துவாய். உன் அப்பாவுக்கு வயதாகிவிட்டது, முனகுகிறார். உனக்கு அந்தச் சாக்கு கிடையாது.

இவர் இன்னும் என் கையால் சாப்பிடவில்லை. முதலில் கள்ளக்குறிச்சி ஓட்டலில் சாப்பிட்டார், அந்த அடுக்களையில் செத்த எலியை எடுத்தவன் யார் என்று விசாரித்தாரா தெரியவில்லை. அது வயிற்றுக்கு ஒத்துவராமல் இன்று காலையில் தானே உப்புமா கிண்டினார். அடி பிடித்துக் கரியாகிவிட்டது. சட்டியைக் கிணற்றடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுதுகிற பலகையை மடியில் வைத்துக்கொண்டேன். ஈ மொய்க்கிறது, காக்கை கொத்துகிறது, நான் தொடப் போவதில்லை.

குளிர் வரும் முன்னே கம்பளிச் சட்டை வாங்கிக்கொள், காதை மூடிக்கொண்டு வெளியே போ, எண்ணெய் தேய்த்துக் குளி, நான் கேட்டதற்குப் பதில் போட மறக்காதே. கோமுகி ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த உடம்பு உனக்கு, ஒரு நோயும் அண்டாமல் தலை நிமிர்ந்து நீண்ட காலம் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கவரை ஒட்டப் போகும் நேரத்தில் கிணற்றடியில் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்க்கவில்லை. அவரே முடிக்கட்டும், அடிக் கரி போயிருக்கிறதா என்று பிறகு போய்ப் பார்க்கிறேன்.

உன் அம்மா,
த. கமலா.