சிவப்பும் வெள்ளையும் பூசிய கல்லைப் பார்த்து வா

யேசு மரி சூசை துணை

எங்கடின், சுவிஸ்
3.8.1986, ஞாயிறு

அன்பு மகள் றீற்றாவுக்கு,

உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நானும் உன் அண்ணன் கிளமென்றும் மச்சாள் இமெல்டாவும் இங்கே சுகம், நீயும் நீ பராமரிக்கிற சிஞ்ஞோரா அம்மாவும் அங்கே இத்தாலியில் சுகமாய் இருக்கவேண்டும் என்று செபமாலையில் உங்களுக்கென்று ஒரு மணி வைத்திருக்கிறேன். எழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ சின்னப்பிள்ளை எழுதியது என்று நினையாதே. கிளமென்ற் வேலைசெய்கிற ஹோட்டல் மூடிக் கிடந்த மாதங்களில் இமெல்டா என்னைப் பிடித்து இருத்தி, செபப் புத்தகத்தை விரித்து வைத்து, மாமா உங்களுக்குப் பரலோக மந்திரம் பாடம்தானே, வாயால சொல்லிக்கொண்டு விரலை எழுத்தில வையுங்கோ என்றாள். முதலில் வாய் முன்னுக்கு ஓடும், விரல் பின்னுக்கு நிற்கும். பிறகு ஒரு காலையில் வாயும் விரலும் ஒரே சொல்லில் வந்து நின்றன, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து கண்ணில் படுகிற தமிழை எல்லாம் வாசிக்கிறேன். இங்கே தமிழ் எழுத்து குறைவு, அதனால் மிளகாய்த்தூள் பையைப் பலமுறை வாசித்தாயிற்று. உன் போன கடிதத்தையும் நானே வாசித்தேன், ஒரு காலைப்பொழுது முழுதும் போனது. முன்பெல்லாம் கிளமென்ற் வாசித்துச் சொல்லும்போது றீற்றா சுகமாம், எல்லாரையும் கேட்டவளாம் என்று இரண்டு வசனத்தில் முடித்துவிடுவான். நீ இவ்வளவு எழுதுகிறாய் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

அந்தக் கடிதத்தில் ஒரு பக்கத்தை மட்டும் வாசித்திருக்க வேண்டாம் போல இருந்தது. மலையில் சந்திப்போம் என்று கிளமென்றைக் கொண்டு நான் எழுதுவித்ததற்கு நீ, மாதாப் பெருநாளுக்கு நான் மலைக்கு வரவில்லை அப்பா, வழி தெரியாது, என்னிடம் பத்திரமும் இல்லை, காவலரைக் கண்டால் தெருவையே மாறிவிடுவேன், அண்ணாவின் அகதி வழக்குக்கும் என்னால் கேடு வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். வாசித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தால் பாதியில் எழும்பி யன்னலடிக்குப் போகிறேன், யன்னலடியில் நின்றால் பஸ் தரிப்பிடம் வரை நடந்துவிட்டு வருகிறேன், வந்து திரும்பவும் மேகத்தைப் பார்க்கிறேன். மாமா, வெளிக்கிட்டால் வெளிக்கிடுங்கோ, இல்லாட்டி உள்ளுக்க இருங்கோ, வாசல்ல நிண்டு குளிரை உள்ள விடாதேங்கோ என்று இமெல்டா ஏசுகிறாள். நீயே யோசித்துப் பார் மகள். கோடைக்கு நீ சிஞ்ஞோரா வீட்டாருடன் போய்த் தங்குகிற கிராமத்தின் பெயரைக் கிளமென்ற் குசினியில் சும்மா சொல்ல, கூட நின்று கோப்பை கழுவுகிற ஜொவான்னி ஈரக் கையோடு அவனை யன்னலுக்கு இழுத்துக்கொண்டு போய், எதிரே நிற்கிற மலையைக் காட்டி, அதற்குப் பின்னால்தான் என் ஊர் என்றானாம். இரண்டு கோடையாக ஒரே மலையின் முதுகில் நீயும் வயிற்றில் நானும் இருந்திருக்கிறோம், ஒருவருக்கும் தெரியவில்லை. நான் இந்த நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது, நீ இதற்குள் வரக்கூடாது, அது சரி. ஆனால் மேலே இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஒரு கல் நிற்கிறது, அந்தக் கல் வரைக்கும் நடப்பதற்கு நீயோ நானோ ஒருவரிடமும் உத்தரவு கேட்கத் தேவையில்லை. கொழும்பில் உன்னை விமானம் ஏற்றிவிட்ட நாளுக்குப் பிறகு உன் முகத்தை நான் காணவில்லை. அம்மா போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாய் இருந்து அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. சிஞ்ஞோரா அம்மாவின் பிள்ளைகள் அந்த மலை வீட்டை இந்தக் கோடையோடு விற்கிறார்கள் என்று நீதானே எழுதினாய், அடுத்த வருடம் நீ எங்கேயோ, என் முழங்கால் எப்படியோ.

கிளமென்றுக்கும் முதலில் விருப்பமில்லை. அப்பா, உங்களுக்குக் கடல் தெரியும், மலை தெரியாது, அந்தப் பிள்ளையையும் கொண்டுபோய் விழுத்தாதேங்கோ என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை. அதனால் உன்னைக் கூப்பிட முதல் நானே ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று போன மாதத் தொடக்கத்தில் புறப்பட்டேன். மஞ்சள் பஸ்ஸில் கடைசித் தரிப்பில் இறங்கி, ஒரு சின்னக் குளத்தைத் தாண்டி, மரங்கள் முடிகிற இடம் வரைக்கும் பாதை நல்ல வண்டில் பாதை போலத்தான். அதற்கு மேல் வெறும் கல். அந்தக் கற்களில் இடைக்கிடை சிவப்பும் வெள்ளையும் பூசியிருந்தது. ஊரில் ஆமி முகாமுக்கு முன்னால் சிவப்பும் வெள்ளையும் பூசின பீப்பாக்கள் வைத்திருந்ததும், அதைத் தாண்டி மேயப்போன மாட்டைக்கூட அவர்கள் விட்டுவைக்காததும் உனக்கு மறந்திருக்காது. எனக்கு அதுதான் வந்தது. இது எல்லையல்லவா, ஆமி இருக்கும், இந்தக் கல்லுக்குக் கிட்டப் போகக்கூடாது என்று பூசின கல்லைக் காணும் இடமெல்லாம் விலகி விலகி நடந்தேன். விலக விலகப் பாதையும் என்னை விட்டுவிட்டது. காலுக்குக் கீழே சரளை வழுக்குகிறது, திரும்பிப் பார்த்தால் வந்த வழி எல்லாம் ஒரே மாதிரி. அந்த நேரம் பார்த்து ஒரு விசில். முகாம் வாசலில் காவல் சென்றியில் நிற்பவன் ஊதுகிற அதே விசில். நான் தடியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். மறுபடியும் ஊதியது, முழங்காலில் இருந்தேன். சுடவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. கனநேரம் கழித்து மெல்லத் தலையைத் திருப்பினால், ஒரு பொந்து வாசலில் கொழுத்த கீரிப்பிள்ளை போல ஒரு பிராணி, அதுவும் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்று என்னைப் பார்க்கிறது. யார் யாருக்குச் சரணடைந்தோம் என்று இன்றுவரை தெரியாது.

அப்படியே முழங்காலில் இருந்த என்னை, தடி ஊன்றிக்கொண்டு வந்த இரண்டு வயதான பெண்கள் கண்டார்கள், செபம் செய்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் காத்து நின்றதாகத் தெரிகிறது. பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பூசின கல்லுக்கு முன்னால் விட்டார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர்களில் ஒருத்தி குனிந்து, அந்தச் சிவப்பு வெள்ளையின் மேல் உள்ளங்கையை வைத்து, பசுவைத் தட்டுவதுபோலத் தட்டிக் காட்டினாள். பிறகு அடுத்த கல்லைக் காட்டினாள், அதற்கு அடுத்ததையும். அப்போதுதான் விளங்கியது, அது போகாதே என்று வைத்த அடையாளம் இல்லை, வா என்று வைத்தது. வீட்டுக்கு வந்து சொன்னால் கிளமென்ற் சிரித்துச் சிரித்துக் குசினி முழுக்கச் சொல்லிவிட்டான். இப்போது நான் உள்ளே போனால் ஜொவான்னி விசில் அடிக்கிறான், எல்லாரும் கையைத் தூக்குகிறார்கள், நானும் கிழங்கு சீவுகிற கத்தியோடு தூக்குகிறேன். நீயும் விசில் கேட்பாய், பயப்படாதே, அதற்கு உங்கள் பக்கத்தில் மர்மொத்தா என்று பெயராம். அது ஊதுவது நமக்கு இல்லை, தன் குட்டிகளுக்கு.

இப்போது வழியைச் சொல்கிறேன், கவனமாய்ப் படி. உங்கள் பக்கமும் கற்களில் அதே சிவப்பும் வெள்ளையும்தான், ஜொவான்னி சத்தியம் பண்ணுகிறான். ஒரு பூசின கல்லில் நின்று அடுத்ததைக் கண்ணால் கண்டபிறகே காலை எடுத்து வை, காணவில்லை என்றால் முன்னுக்குப் போய்த் தேடாதே, கடைசியாய்க் கண்ட கல்லுக்குத் திரும்பி வந்து அதிலிருந்து பார். வழிப் பலகைகளில் இங்கே மைல் இல்லை, மணித்தியாலம்தான் போட்டிருக்கிறது, அது இந்த ஊர்க் கால்களுக்குப் போட்டது, நீயும் நானும் அதை இரட்டிப்பாய் எண்ணிக்கொள்ள வேண்டும். அதனால் விடிய வெளிக்கிடு. சேலையோடு வராதே, வீட்டில் யாருடைய காற்சட்டையாவது கேட்டுப் போட்டுக்கொள். கீழே வெயில் என்று கம்பளிச் சட்டையை வைத்துவிட்டு வராதே, மேலே வெயிலும் குளிரும் ஒன்றாய் நிற்கும், மூக்கு வெயிலில் உரியும், விரல் குளிரில் விறைக்கும். மடுக்கோயிலுக்கு நடக்கும்போது பாடிக்கொண்டு போவோமே, அது இங்கே சரிவராது, உயரப் போகப்போக மூச்சு முட்டும், வாயை மூடிக்கொண்டு மெல்ல நட, தலையிடித்தால் இரு, சத்தியோ குமட்டலோ வருவது போல இருந்தால் இறங்கிவிடு. மாடு மேயும் இடத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைக் குடிக்காதே, மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதே, படலையைத் திறந்தால் சாத்து. உறைபனி கிடக்கும் இடத்தைக் கடக்காதே, அடியில் தண்ணீர் ஓடி உள்ளே வெறும் கோறையாய் இருக்கும், பழைய வள்ளத்தின் பலகை போல, சுற்றிப் போ. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் வணக்கம் சொல்வார்கள், விசாரிக்கிறார்கள் என்று பதறாதே, மலையில் அது வழக்கம், நீயும் திருப்பிச் சொல். காவலர் வந்தாலும் அதே வணக்கம்தான். அவர்கள் பார்ப்பது முதுகில் இருக்கிற மூட்டையைத்தானாம், ஜொவான்னி இளவயதில் கோப்பியும் சிகரெட்டும் களவாய்ச் சுமந்து ஓடினவன், அவனுக்குத் தெரியாததா. ஆகையால் பெரிய பை கொண்டுவராதே. சிஞ்ஞோரா அம்மாவிடம் எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டு வா, மலைக்குப் போகிறவர் சொல்லாமல் போகக்கூடாது.

மேகத்தைப் பற்றி எனக்கு இன்னும் முழுதாய்ப் பிடிபடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கடலில் தூரத்தில் கறுக்கும், வருவது தெரியும். இங்கே அது மலைக்குப் பின்னால் இருந்து திடீரென்று எட்டிப் பார்க்கிறது, அல்லது காலடிப் பள்ளத்தில் இருந்து புகைபோல ஏறுகிறது. பின்னேரம் இடி இடிக்கும். அதனால் எவ்வளவு கதை இருந்தாலும் இரண்டு மணிக்கு நான் உன்னை எழுப்பிவிடுவேன், நீயும் என்னைத் தடுக்காதே. பெருநாளன்று காலையில் மழை என்றால் வீட்டிலேயே இரு, அடுத்த நாள் வா, அடுத்த நாளும் நான் ஏறுவேன்.

இரண்டாம் முறை போனபோது பூசின கல்லைப் பிடித்துக்கொண்டே போய் அந்த இடத்தைக் கண்டுவிட்டேன் மகள். இரண்டு பக்கமும் உயர்ந்த மலை, நடுவில் சேணம் போலப் பணிந்த இடம், அதில் என் இடுப்புயரத்துக்கு எல்லைக் கல். ஒருவரும் இல்லை, முகாம் இல்லை, முள்ளுக்கம்பி இல்லை. இவ்வளவுதானா எல்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அந்தப் பக்கம் பள்ளத்தில் ஒரு கோயில் மணிக்கூண்டு சின்னதாய்த் தெரிந்தது, உன்னுடைய ஊர் அதுதானோ தெரியாது, நான் அதுதான் என்று வைத்துக்கொண்டேன். காலை அங்காலே வைக்கவில்லை. கிளமென்றுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், நீயும் ஒரு அடிகூட இங்காலே வைக்கமாட்டாய் என்று உனக்காகவும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்த நாள் அவன், விருந்தாளிகள் விட்டுப்போன சாமான்கள் கிடக்கிற அறையில் கேட்டு வாங்கி, ஒரு சோடி பெண்கள் சப்பாத்தை என் கட்டிலடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். என் சாணும் ஒரு விரலும், கொழும்புக்கு வெளிக்கிட முதல் உனக்குச் செருப்பு வாங்க ஈர்க்கில் முறித்துக்கொண்டு போன அளவு, வைத்துப் பார்த்தேன், சரியாய் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கடிதத்தோடு ஜொவான்னி கொண்டுவந்து தருவான், பெருநாளுக்கு முதல் அவனுக்கு ஒருநாள் லீவு.

ஒரு விஷயம், இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். எங்கள் ஊர் பேசாலையில் உச்சி நேரம் நிழல் காலுக்குள் ஒடுங்கிவிடும். இங்கே ஒடுங்குவதில்லை, சூரியன் எந்நாளும் தெற்கே சாய்ந்துதான் நிற்கிறது, தெற்கு உன் பக்கம். போனமுறை என் தடியைக் கல்லோடு சேர்த்து நட்டுவிட்டு இருந்து பார்த்தேன், மதியம் அதன் நிழல் முழுதும் இங்காலே விழுந்தது. ஆகையால் நீ உன் பக்கத்தில் நின்றபடி நிற்க, உன் நிழல் எல்லையைத் தாண்டி என் மடியில் வந்து விழும், அதற்கு ஒருவரும் பத்திரம் கேட்கமாட்டார்கள். இமெல்டா பிட்டும் மீன் பொரியலும் கட்டித் தருவாள், அதைக் கல்லுக்கு மேல் வைத்து இரண்டு பக்கமும் இருந்து சாப்பிடலாம்.

பதில் எழுதி மினக்கெடாதே, வாறன் என்றோ வரேல்லை என்றோ ஜொவான்னியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். சொல்லாவிட்டாலும் நான் அங்கே இருப்பேன். மடு மாதா உன்னைக் கல்லுக்குக் கல் கூட்டிக்கொண்டு வரட்டும், உன் தலையில் என் இரண்டு கையும் இருக்கிறதாக நினைத்துக்கொள். மறவாதே, புதுக்காலுக்குச் சப்பாத்து கடிக்கும், உள்ளே ஒன்றுக்கு மேல் ஒன்றாய் இரண்டு சோடி மேஸ் போட்டு இன்றைக்கே வீட்டுக்குள் நடக்கத் தொடங்கு.

கல்லுக்கு இந்தப் பக்கத்தில் இருந்து
உன் அப்பா
இன்னாசித்தம்பி