மூன்று முறை எண்ணிய ரத்தம்

சுவா, ஃபிஜி, ஆகஸ்ட் 2000

ஷைனலின் அம்மாவுக்கு,

பிள்ளைகளுக்கு சிட்னிக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். கதவைச் சரிசெய்தாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை பித்தப்பை வீக்கமோ என்ற சந்தேகத்தில் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். ரத்தம் எடுக்கக் கையைப் பிடித்தால், நம் கல்யாணத்துக்கு உங்கப்பா போட்ட கடிகாரம் அவன் மணிக்கட்டில். முகத்தைப் பார்த்தேன். மே மாதக் கலவரத்தில் இந்தியர் வீடுகளைக் கொள்ளையடித்தபோது நம் கதவை உடைத்து முதலில் நுழைந்தவன்.

வெளிநாடு போகாமல் மிச்சமிருக்கும் ஒரே சர்ஜன் என் லேப் சீட்டுக்காகக் காத்திருந்தார். வெள்ளையணு ஏறியிருந்தால் உடனே ஆபரேஷன், இல்லையென்றால் மாத்திரையோடு வீட்டுக்கு. மெஷின் பழுது, மைக்ராஸ்கோப்பில் நான்தான் எண்ண வேண்டும். பத்தொன்பதாயிரம். எட்டாயிரம், நார்மல் என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? மூன்று முறை எண்ணினேன். பத்தொன்பதாயிரம் என்றே எழுதிக் கொடுத்தேன். திட்டாதே.

இன்று அவன் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகும்முன் லேபுக்கு வந்து, "வினாகா, வினாகா" என்று நன்றி சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பிள்ளைகள் உண்டா, எங்கே என்று கேட்டான். சிட்னியில் என்றேன்.

"இவ்வளவு நல்ல ஊரை விட்டு ஏன் போனார்கள்?" என்றான்.

நீ அனுப்பிய விசா ஃபாரத்தை நிரப்பிவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்