பாதிக் கம்பத்தில் நின்ற கொடி

அன்புள்ள இங்வில்,

நியூசிலாந்தில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். நான் நலம். அப்பாவைப் பற்றி வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் எழுந்து போன் போடாதே, முழுவதும் படி.

செவ்வாய்க்கிழமை உன் பிறந்தநாள், நீ இங்கே இல்லாவிட்டாலும் நம் ஊர் வழக்கப்படி முற்றத்துக் கம்பத்தில் கொடி ஏற்றாமல் இருப்பேனா, எட்டரை மணிக்கு ஏற்றினேன், பாதியில் கயிறு சிக்கிக்கொண்டு மேலேயும் போகவில்லை கீழேயும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ரோசா கன்று போட முடியாமல் கத்த, அப்படியே விட்டுவிட்டுத் தொழுவத்துக்கு ஓடினேன். புத்தி கெட்டவள் நான். ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற இந்த ஊரில் கொடி பாதியில் நின்றால் அந்த வீட்டில் சாவு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கன்று விழுந்து, முழங்கை வரை ரத்தத்தோடு வெளியே வருகிறேன், முற்றத்தில் ஏழெட்டுப் பேர். மாரித் கையில் துக்க வீட்டுக்கென்று செய்த கேக். பால் லாரி ஓட்டுகிறவர் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கயிறு சிக்கிய கதையைச் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், "செத்தவங்க இல்லன்னாலும் கேக்கை வெட்டித்தான் ஆகணும்" என்றாள் மாரித். பக்கத்துப் பண்ணை சிகுர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப தோர்ஸ்டைன் எங்க? காலையில அவரு ரம்பச் சத்தம் கேட்டுச்சு, ஒன்பது மணிக்கு மேல கேக்கவே இல்ல. அதான் கொடியப் பாத்ததும் அவருதான்னு நெனச்சேன்" என்றான்.

புயலில் சாய்ந்த மரங்களை வெட்ட உன் அப்பா ஏழு மணிக்கே தனியாக மேல்காட்டுக்குப் போயிருந்தார். போன் போட்டால் சமையலறை மேசையில் மணி அடிக்கிறது. துக்கம் கேட்க வந்த கறுப்பு உடுப்போடு அத்தனை பேரும் பனிச்சேற்றில் ஏறினார்கள். ஒரு மரத்தை அறுத்தபோது மேலே கிடந்த இன்னொன்று புரண்டு அவர் காலில் விழுந்திருக்கிறது. உதடு நீலம் பாரித்துக் கிடந்தார். சிகுர் டிராக்டரைக் கொண்டுவந்து மரத்தைத் தூக்கும் வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாதீங்க, மூடாதீங்க என்று திட்டிக்கொண்டே இருந்தேன். முற்றத்துக்குக் கொண்டுவந்ததும் கொடியைப் பார்த்தார் மனுஷர், "அதுக்குள்ள ஏத்திட்டியா?" என்றார்.

காலில் கம்பி வைத்திருக்கிறார்கள், பிழைத்துக்கொண்டார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று டாக்டர் தொடங்கினார், நான் முடிக்க விடவில்லை. ஆனால் மரத்தைத் துளைக்கிற வண்டு ஏறுவதற்குள் மீதி மரத்தை எடுக்கணும் என்று படுக்கையிலிருந்தே புலம்புகிறார். சனிக்கிழமை ஊரே ரம்பத்தோடு வந்து எடுத்துக் கொடுக்கப்போகிறது, அதுவும் அவருக்குக் கௌரவக் குறைச்சலாம். நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ சொல், இனித் தனியாகக் காட்டுக்குப் போகக் கூடாது என்று.

அங்கே குளிர் தொடங்குகிறதாமே, நான் பின்னி அனுப்பிய காலுறையைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே. கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும். நேற்று சிகுர் கம்பத்தைச் சாய்த்துச் சிக்கை எடுத்தான், உன் பிறந்தநாள் முடிந்து இரண்டு நாள் ஆகியும் கொடியை உச்சி வரை ஏற்றினேன். அந்த வழியாகப் போன ஒவ்வொரு வண்டியும் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அப்போதுதான் படியில் உட்கார்ந்து அழுதேன்.

உன் அம்மா,
குன்வோர்