கார் இப்போது கொதிப்பதில்லை, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

கடலில் இருக்கும் உங்களுக்கு, கரையிலிருந்து உங்கள் ஒரே வாரிசும் வீட்டின் நிரந்தரத் தொல்லையுமான நான் எழுதுவது. நான் நலம். அம்மா நலம் மாதிரி. கார் ரொம்ப நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். என் போன் பீரோவுக்குள் சிறையில் இருக்கிறது. தலைமையாசிரியை குரலில் நாளைக்கு லீவு என்று பேசி வகுப்புக் குழுவில் போட்டேன். பாதிப் பேர் வரவில்லை. கொடுமை என்னவென்றால், லீவு விட்ட நானே போக வேண்டியதாகிவிட்டது. சனிக்கிழமை நீங்கள் கப்பலிலிருந்து கூப்பிடும்போது அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அவளை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேச முடியாது. அடுத்த துறைமுகத்தில் இது உங்கள் கைக்கு வந்துவிடும் என்று கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள்.

கார் பாலத்தில் கொதித்து நின்றதைக் கேட்டதும், வித்துத் தொலை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அம்மாவும் சரிங்க என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். வாங்குகிறவர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ஆனால் போனை வைத்த பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அம்மா கீழே போய், டிரைவர் சீட்டில் போட்டிருந்த தன் குட்டி மெத்தையை எடுத்துவந்து சமையலறை நாற்காலியில் போட்டாள். அவள் உயரத்துக்கு அது இருந்தால்தான் ரோடு தெரியும். சமையலறையில் என்ன ரோடு தெரியப்போகிறது?

நம் தெருவில் இருக்கும் வயதான டீச்சரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாரத்துக்கு மூன்று நாள் அம்மாதான் நம் காரில் அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் வருகிறாள். திரும்பும்போது அவருக்கு வெயில் சுத்தமாக ஆகாது, ஏசி வேண்டும். ஆனால் நெரிசலில் ஏசியைப் போட்டால் நம் கார் கொதிக்கும். அன்றைக்குப் பாலத்தில் பின்சீட்டில் இருந்தது அவர்தான். மயக்கமே வந்துவிட்டது. அவர் மகன் அம்மாவைத் திட்டக்கூட இல்லை. வேற வண்டி பார்த்துக்கறோம்மா என்று மரியாதையாகச் சொன்னார். திட்டியிருந்தால் அம்மா தூங்கியிருப்பாள்.

மெக்கானிக்கைக் கேட்டால், ஏசி இல்லாம ஓட்டுங்கக்கா, ஜன்னல் எதுக்கு இருக்கு என்றார். எதிர் வீட்டு மாமாதான் விஷயத்தைப் புரியவைத்தார். டிவி ரிப்பேர் செய்கிறவர், கார் வைத்திருக்கிறவர் இல்லை. ரேடியேட்டர் ஃபேன் எஞ்சின் பெல்ட்டில் ஓடுகிறது. நெரிசலில் எஞ்சின் மெதுவானால் ஃபேனும் தூங்கிவிடும். அதே நேரம் ஏசி தன் சூட்டையும் ரேடியேட்டர் தலையில் கொட்டும். அப்புறம் கொதிக்காமல் என்ன செய்யும்? அந்த பெல்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓடுகிற இரண்டு எலக்ட்ரிக் ஃபேன் போட்டால் கார் நின்றாலும் காற்று நிற்காது என்றார். விற்கப்போகிற வண்டிக்கு எதுக்கு என்று அம்மா கேட்டாள். கேட்டுக்கொண்டே ஸ்பேனரை எடுத்தாள்.

பழைய கார் உடைக்கிற கடையில் இரண்டு ஃபேன் கிடைத்தது. அம்மாவுக்கு இனி இரண்டு விசிறிகள், என்னோடு சேர்த்தால் மூன்று என்றேன். வாயை மூடிட்டு டார்ச்சைப் பிடிடி என்று பதில் வந்தது.

ஒவ்வொரு ஃபேனுக்கும் ஒரு பியூஸ், ஒரு ரிலே. ரிலே என்றால், பெரிய கரண்டை எழுப்பிவிடுகிற சின்ன கரண்ட் வேலை. உங்களை எழுப்ப அம்மா என்னை அனுப்புவாளே, அந்த வேலைதான். எஞ்சின் சூடானாலும் ஃபேன் ஓட வேண்டும், ஏசி போட்டாலும் ஓட வேண்டும். அதனால் ரிலேயைக் கூப்பிட இரண்டு வழி வைத்தோம்.

முதல் தடவை மாமா டிவிக்குப் போடுகிற மாதிரி மெலிசான வயரைப் போட்டார். வயர் உருகித் தெருவே நாறியது. பக்கத்து வீட்டு அம்மா பால் தீய்ந்துவிட்டதென்று தன் அடுப்பை அணைத்தார். தடித்த வயர் போட்டு மறுபடி ஓட்டினோம். இரண்டு ஃபேனும் ஓடின, எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் மட்டும் ஏறிக்கொண்டே போனது. மாமா ஒரு தாளை ரேடியேட்டர் முன்னால் காட்டினார். ஒரு பக்கம் தாள் ஒட்டிக்கொண்டது. மறுபக்கம் பறந்து மாமா மூஞ்சியில் அறைந்தது. ஒன்று காற்றை இழுக்க, இன்னொன்று வெளியே தள்ள, இரண்டும் சேர்ந்து ஒன்றும் நடக்கவில்லை. காரைப் பற்றி நீங்களும் அம்மாவும் பேசுகிற மாதிரி.

உடனே எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போன வாரம்தான் மாமாவின் டூல் பெட்டிக்குள் ரப்பர் பல்லி போட்டிருந்தேன். நான் இல்லைம்மா என்றேன். நீ எப்பவுமே நீ இல்லைதானே என்றாள் அம்மா. மாமாதான் வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தார். இரண்டும் வேறு வேறு காரில் கழற்றியவை. ஒன்றில் கறுப்பு வயர் எர்த், மற்றதில் கறுப்புதான் கரண்ட். பாவம், பாப்பா மேல தப்பில்ல என்று தீர்ப்புச் சொன்னார். என் வாழ்க்கையில் முதல் விடுதலை. மாற்றி மாட்டியதும் இரண்டு பக்கமும் தாள் ஒட்டிக்கொண்டது.

டீச்சர் மகனிடம் அம்மா, இன்னும் ஒரே ஒரு தடவை மட்டும் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டாள். போன செவ்வாய்க்கிழமை எனக்கு நிஜமாகவே லீவு, நானும் முன்சீட்டில் போனேன். திரும்பும்போது அதே பாலம், அதே நெரிசல், உச்சி வெயில். ஏசி ஓடுகிறது. அம்மா ரோட்டைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்க்கிறாள். முன்னால் லாரி அசையவே இல்லை. முள் பாதியில் நின்றது. அங்கேயே நின்றது. பின்னாலிருந்து டீச்சர், ஏம்மா, குளிருது, போர்த்திக்க ஏதாவது இருக்கா என்று கேட்டார். அம்மா தன் துப்பட்டாவை எடுத்துப் பின்னால் நீட்டினாள். லாரி நகர்ந்த பிறகும் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்த பஸ்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வியாழக்கிழமையும் வாங்க என்று டீச்சர் மகன் சொன்னார். சனிக்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது அம்மா இதை உங்களிடம் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. வண்டியைக் கழுவி, ஆர்.சி. புத்தகத்தை எடுத்துத் தயாராக வைத்திருக்கிறாள். நீங்கள் வித்துடு என்று சொல்லிவிட்டீர்கள், அவள் சரி என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர் வந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு அவருக்கு டீயும் போட்டுக் கொடுப்பாள்.

அப்பா, கப்பல் அடுப்பங்கரையில் சமைக்கிற சூட்டில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குத் தண்ணீர் குடியுங்கள். அவர் வருகிற ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை கூப்பிடும்போது நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். வண்டி எப்படி ஓடுது என்று மட்டும் கேளுங்கள். நல்லா ஓடுது என்பாள். அப்படின்னா என்ன செய்யலாம், நீயே சொல்லு என்று கேளுங்கள். அதற்கு உடனே பதில் வராது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் காத்திருங்கள்.

இப்படிக்கு,
அந்த நேரத்தில் சத்தமில்லாமல் கதவுக்குப் பின்னால் நிற்கப்போகும்
உங்கள் மகள்