நான் சொல்லாமல் விட்ட வேலை

மடவளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ரிஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மெல்பர்னில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். வாப்பாவின் முழங்கால் வலி மழையோடு கூடிவிட்டது, கடைக்குப் போக வேண்டாமென்றால் கேட்கிறாரில்லை. தங்கச்சி பர்ஹானாவுக்கு அடுத்த மாதம் பரீட்சை. உம்மா இப்போது இரண்டு வார்த்தையோடு போனை வைத்துவிடுகிறா என்று வாப்பாவிடம் குறைப்பட்டீர்களாம். பேசினால் அழுதுவிடுவேன் மகன், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் வேலைமுறையைத் திருத்துவதற்குப் போன வருடம் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்ததைச் சொன்னேனே, நான் இங்கே செய்வதும் இந்த வேலைதான் உம்மா என்று சந்தோஷப்பட்டீர்களே. அதில் தர்ஷிகா என்ற பிள்ளை, ஆய்வுகூடக் கவுண்டரில் என் பக்கத்தில் கதிரை போட்டு இரண்டு நாள் இருந்தது. அன்ட்டி, காலைல வந்ததிலிருந்து என்னென்ன செய்றீங்க, ஒன்னும் விடாம சொல்லுங்க என்று கேட்டது. இரத்தம் வாங்குவது, இலக்கம் போடுவது, உள்ளே அனுப்புவது, ரிப்போர்ட்டை வார்ட் பெட்டியில் போடுவது எல்லாம் சொன்னேன். மஞ்சள் தாளில் எழுதி எழுதிச் சுவரில் ஒட்டியது. ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அளவு ஆபத்தாக இருக்கிறது என்று ஆய்வுகூடத்தில் ரிப்போர்ட்டில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு அனுப்பினால், பெட்டியில் போடுவதற்கு முன்னால் வார்ட்டுக்கு டெலிபோனில் கோல் எடுத்து, உடனே டொக்டரிடம் சொல்லுங்கள் என்பேன். இருபது வருடமாக அப்படித்தான். ஆனால் கவுண்டரில் இருக்கிறவள் நோயாளியின் ரிப்போர்ட்டை வாசிக்கக் கூடாது என்று பழைய மனேஜர் ஒருமுறை எல்லோர் முன்னாலும் ஏசியிருந்தார். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

புது முறை வந்தது. ரிப்போர்ட் நேராக வார்ட் கம்ப்யூட்டருக்கே போய்விடும். இரண்டு மணித்தியாலம் காத்திருந்த சனம் அரை மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போனது, நானும் சேர்ந்துதான் கைதட்டினேன். கவுண்டரில் ஆள் தேவையில்லை என்று என்னைப் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். சிவப்பு வட்டத்தை நான் மறந்தே போனேன் மகன், அதுதான் உண்மை.

போன மாதம் ஹுன்னஸ்கிரியவிலிருந்து ராஜலிங்கம் என்று ஒரு லொறி சாரதி சிறுநீரகக் கோளாறோடு வந்து படுத்திருந்தார், வயது நாற்பத்தாறு. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, எந்த நேரமும் இதயம் நின்றுவிடலாம் என்ற நிலை. அந்த ரிப்போர்ட் காலை பத்தே காலுக்கு வார்ட் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. பதினெட்டு நோயாளிகளோடு தனியாக நின்ற நிஷாந்தினி என்ற தாதிப் பிள்ளை அதைத் திறந்தது ஒன்றே முக்காலுக்கு. அவர் ஒரு மணிக்கே உயிர் பிரிந்து மௌத்தாகிவிட்டார்.

விசாரணையில், ரிப்போர்ட் நேரத்துக்குப் போயிருக்கிறது, முறையில் பிழையில்லை, பிழை தாதியில்தான் என்று முடிவெடுத்து அந்தப் பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடவும் மாட்டார்கள், அந்தக் கோல் எந்தத் தாளிலும் இல்லையே. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் நானே மனேஜரிடம் போய்ச் சொன்னேன். அது உங்க வேலையே இல்லையே றம்லத், ஏன் வீணா தலையில போட்டுக்கொள்றீங்க, ரிட்டயர் ஆகப் போற நேரத்தில என்றார். அப்படியும் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். இப்போது ஆபத்தான ரிப்போர்ட் என்றால் வார்ட்டுக்குக் கோல் எடுக்க வேண்டும் என்று முறையில் சேர்த்துவிட்டார்கள். நிஷாந்தினியைத் திரும்பவும் கூப்பிட்டார்கள், அந்தப் பிள்ளை வரமாட்டேன் என்றுவிட்டது. கூட வேலை செய்கிற இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள், அது பரவாயில்லை.

நேற்று வாப்பாவோடு ஹுன்னஸ்கிரியவுக்குப் போனேன். ராஜலிங்கத்தின் மனைவி சஞ்சீவனியிடம் ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். ஏசுவாள், துரத்துவாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் ஒன்றுதான் கேட்டாள், அந்த ரிப்போட்டு எத்தன மணிக்கு வந்திச்சுங்க அக்கா என்று. பத்தே கால் என்றேன். பத்தே காலுக்கு நான் பக்கத்துலதாங்க இருந்தேன், தோடம்பழம் உரிச்சுத் தாயேன்னு கேட்டுச் சாப்பிட்டாரு, நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தாரு என்றாள். பிறகு எழும்பிப் போய் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். அதைக் குடிக்கத்தான் வேண்டியிருந்தது மகன்.

நீங்கள் படித்த பிள்ளை, உங்கள் தொழிலைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தெரியும். தர்ஷிகாவிலும் நான் பிழை சொல்லமாட்டேன், அந்தப் பிள்ளை கேட்டது, நான்தான் சொல்லவில்லை. ஆனால் அங்கே நீங்கள் வேலையைப் பற்றிக் கேட்கும்போது யாராவது இவ்வளவுதான் என்று சொல்லி நிறுத்தினால் உடனே எழும்பிவிடாதீர்கள். ஏசமாட்டார்கள் என்று தெரிந்தால்தான் எங்களைப் போன்றவர்கள் மிச்சத்தைச் சொல்லுவோம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போங்கள். அல்லாஹ் உங்கள் கையால் ஒருவருக்கும் தீங்கு வராமல் காப்பானாக. சஞ்சீவனிக்கு இரண்டு பெண் பிள்ளைகள், சின்னது இரண்டாம் வகுப்பு. துஆவில் அவர்களை மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் உம்மா
றம்லத் ஹுஸைன்